பேஸ் கிட்டாருக்குச் செய்த தோல் வார்: துளை அகன்று குமிழ் நழுவுகிறது, என்ன செய்யலாம்?

நாலுதந்தி (கேள்வி)

வணக்கம். என் பேஸ் கிட்டாருக்கு நானே ஒரு தோள்வார் செய்தேன். ஆறு வாரம்தான் ஆகிறது. நேற்று ஒத்திகையின் நடுவில் பின்பக்கக் குமிழிலிருந்து (வாரை மாட்டக் கிட்டாரில் துருத்தி நிற்கும் பொத்தான்) வார் கழன்றுவிட்டது. முழங்காலை உயர்த்தித் தடுத்ததால் கருவி தப்பியது, முழங்கால் தப்பவில்லை.

தாவரப் பதனீட்டுத் தோல், 2.5 மி.மீ. தடிமன், ஒற்றை அடுக்கு, 6 செ.மீ. அகலம். கருவியின் எடை 4.3 கிலோ. இரு முனைகளிலும் 10 மி.மீ. துளை போட்டு, ஒவ்வொன்றிலும் ஒரு கீறல் கீறியிருக்கிறேன். முதல் நாள் குமிழை உள்ளே தள்ளக் கட்டைவிரல் வலித்தது. இப்போது சட்டைப் பொத்தானைவிட எளிதாகப் போய்வருகிறது. துளை முட்டை வடிவமாகிவிட்டது. வாரும் 3 செ.மீ. நீண்டிருக்கிறது. கிட்டார் கீழே இறங்கிவிட்டதாக நண்பர்கள் சொன்னபோது நான்தான் நம்பவில்லை.

துளையைச் சிறிதாகப் போட்டிருக்க வேண்டுமா? உலோக வளையம் பதித்தால் சரியாகுமா?

கம்பிவேலி

வாரைக் கழலாமல் பூட்டிக்கொள்ளும் பூட்டுக் குமிழ் வாங்கி மாட்டுங்கள். வேலை முடிந்தது.

இருஊசி

பூட்டுக் குமிழ் நல்லதுதான், நானும் வைத்திருக்கிறேன். ஆனால் அது கழலாமல் காக்குமே தவிர, தோல் நீளாமல் காக்காது. தளர்ந்த தோலில் பூட்டைப் பதித்தால் ஒருநாள் பூட்டோடு முனை பிய்ந்து வரும்.

உலோக வளையம் வேண்டாம். குமிழின் தலை தண்டைவிடப் பெரியது. தலை நுழையும் அளவுக்கு வளையம் வைத்தால் அது தானாகவே கழலும், சிறிதாக வைத்தால் தலை நுழையாது. தோல் சற்று வளைந்து கொடுத்துப் பிறகு இறுகுவதால்தான் இந்த ஏற்பாடே நடக்கிறது.

மூன்று விவரம் சொல்லுங்கள். கீறல் எந்தப் பக்கம் போகிறது, வாரின் நுனியை நோக்கியா, நடுவை நோக்கியா? தோல் மாட்டின் எந்தப் பகுதி? எண்ணெய் பூசினீர்களா?

நாலுதந்தி

கீறல் நுனியை நோக்கிப் போகிறது. அதுதான் அழகாக இருந்தது. தோல் எந்தப் பகுதி என்று தெரியாது, மலிவாகக் கிடைத்த துண்டுகளில் நீளமான ஒன்றை எடுத்தேன். சதைப்பக்கம் பஞ்சுபோல் சிலிர்த்துக்கொண்டு இருக்கிறது, ஒரு விளிம்பு அலையலையாக இருக்கிறது. விறைப்பாக இருந்ததால் மூன்று முறை எண்ணெய் பூசினேன். முனைகளுக்குக் கொஞ்சம் கூடுதலாக, வளைய வேண்டுமே என்று.

இருஊசி

அப்படியானால் துளையின் அளவைக் குறை சொல்ல வேண்டாம். நீங்கள் சொன்ன மூன்றும் சேர்ந்துதான் கழற்றிவிட்டிருக்கின்றன.

முதலில் கீறல். கிட்டார் கீழே இழுக்கிறது, வார் மேலே இழுக்கிறது. அப்போது குமிழின் தண்டு துளையின் எந்த ஓரத்தில் அழுந்தும்? நுனிப்பக்க ஓரத்தில். நீங்கள் அந்த ஓரத்தில்தான் வெட்டி வைத்திருக்கிறீர்கள். கருவியின் எடை முழுவதும் அந்தக் கீறலை ஆப்புபோல் பிளந்துகொண்டே இருந்திருக்கிறது. கீறல் எப்போதும் வாரின் நடுவை நோக்கிப் போக வேண்டும். அப்போது எடையை முழு வட்டம் தாங்கும், கீறல் சும்மா கிடக்கும். கீறல் முடியும் இடத்தில் 2 மி.மீ. அளவில் ஒரு சிறு துளையும் போடுங்கள். இல்லாவிட்டால் கிழிசல் அங்கிருந்து புறப்படும்.

அடுத்தது தோல். பஞ்சுபோன்ற சதைப்பக்கமும் அலையும் விளிம்பும் வயிற்றுப் பகுதியின் அடையாளங்கள். அங்கே இழைகள் தளர்வாக இருக்கும். இழுத்தால் நீளும், விட்டாலும் பழைய அளவுக்குத் திரும்பாது. முதுகுப் பகுதியில் இழைகள் நெருக்கமானவை. அதிலும் முதுகெலும்புக்கு இணையாக நீளவாக்கில் வெட்டிய பட்டைதான் மிகக் குறைவாக நீளும். பைக்கு உள்ளுறை தைக்க வயிற்றுத் தோல் போதும், 4 கிலோவுக்கு மேல் தொங்கவிட அது ஆகாது.

எண்ணெய் இழைகளை ஒன்றன்மீது ஒன்று வழுக்கவிடும். மென்மை வருவது அதனால்தான், நீளுவதும் அதனால்தான். பளு தாங்கும் முனைக்கு எண்ணெயே தேவையில்லை. விறைப்பாக இருந்தால் பழகட்டும், கையால் முன்னும் பின்னும் வளைத்தாலே இளகும்.

சாணைக்கல்

முனையை மட்டும் வெந்நீரில் முக்கி எடுத்தால் மரம்போல் இறுகிவிடுமே. செய்து பார்க்கலாமே?

இருஊசி

இறுகும், சுருங்கவும் செய்யும். பிறகு குமிழுக்காக வளைத்தால் வெடிக்கும். கேடயம் செய்யச் சரி, குமிழ்த்துளைக்குச் சரியில்லை.

நாலுதந்தி

கீறலைத் தலைகீழாகப் போட்டதுதான் வெட்கமாக இருக்கிறது. நடுப்பகுதியில் மூன்று வாரம் செலவழித்துப் பூ வேலை செதுக்கியிருக்கிறேன், எறிய மனமில்லை. அதைக் காப்பாற்ற வழி உண்டா? வியர்த்தால் சட்டையின் தோள்பட்டையில் பழுப்புச் சாயம் இறங்குகிறது, அதையும் சொல்லிவிடுங்கள்.

இருஊசி

உண்டு. இரு முனைகளிலும் 12 செ.மீ. வெட்டி எடுத்துவிடுங்கள். முதுகுத் தோலில் 3.5 மி.மீ. தடிமனில் புதிய முனைகள் வெட்டி, 5 செ.மீ. ஒன்றன்மேல் ஒன்று படியும்படி இணையுங்கள். படியும் இடத்தில் இரண்டையும் சீவி மெலிதாக்காவிட்டால் அங்கே ஒரு திண்ணை எழும்பித் தோளை அறுக்கும். பசை தடவும் முன் வழவழப்பான மேல்பக்கத்தை உப்புத்தாளால் நன்றாகச் சுரண்டுங்கள், பளபளப்பில் பசை பிடிக்காது. உங்களுடையது எண்ணெய் குடித்த தோல் வேறு, பசையை நம்பாமல் தையலை நம்புங்கள்.

0.8 மி.மீ. மெழுகு நூல், இரண்டு ஊசி, 4 மி.மீ. இடைவெளி. ஒரே நூலின் இரு நுனிகளும் ஒவ்வொரு துளையிலும் எதிரெதிராகக் கடக்க வேண்டும். ஓரிடத்தில் அறுந்தாலும் மற்றது பிடித்துக்கொள்ளும். வாரின் குறுக்கே ஒரே நேர்க்கோடாகத் தைக்காதீர்கள், அஞ்சல்தலை ஓரம்போல் அந்தக் கோட்டிலேயே கிழியும். பெட்டி வடிவில் தையுங்கள்.

நடுப்பகுதி இன்னும் நீளாமலிருக்க, அடியில் நைலான் பட்டை ஒட்டி, அதன்மேல் மெல்லிய தோலால் மூடி விளிம்போடு தையுங்கள். பட்டையின் இரு நுனிகளும் புதிய முனைகளின் பெட்டித் தையலுக்குள் வர வேண்டும். இழுவிசையைப் பட்டை வாங்கிக்கொள்ளும், உங்கள் பூக்கள் சும்மா அமர்ந்திருக்கும். மூடும் தோலுக்குச் சாயம் போடாவிட்டால் சட்டைப் பிரச்சினையும் பெரும்பாலும் தீரும். மேல்பக்கத்தை உலர்ந்த வெள்ளைத் துணியால் துணியில் நிறம் படாத வரை தேயுங்கள். பிறகுதான் மேற்பூச்சு. சாயம் காய்ந்த உடனே பூச்சு அடித்தால் மேலே தங்கிய தூள் பூச்சோடு கலந்து வந்துகொண்டே இருக்கும்.

புதிய துளையின் நடுப்புள்ளி நுனியிலிருந்து குறைந்தது 2 செ.மீ. உள்ளே இருக்கட்டும். முதலில் கழிவுத் துண்டில் போட்டு உங்கள் குமிழில் மாட்டிப் பாருங்கள். குமிழ்கள் எல்லாம் ஒரே அளவு இல்லை.

நாலுதந்தி (ஐந்து வாரம் கழித்து)

முடித்துவிட்டேன். வெட்டும் முன் ஒரு சோதனையும் செய்தேன். பழைய தோலிலும் புதிய தோலிலும் 1 செ.மீ. அகலப் பட்டை எடுத்து, 20 செ.மீ. குறித்து, இரவு முழுவதும் தண்ணீர்க் குடுவையைத் தொங்கவிட்டேன். பழையது 21 செ.மீ. ஆகிவிட்டது, புதியதில் மாற்றத்தைக் கண்ணால் பிடிக்க முடியவில்லை. வாரை மாட்டி எட்டு ஒத்திகை ஆகிறது, நீளம் அப்படியே இருக்கிறது. குமிழை நுழைக்கும்போது கட்டைவிரல் மறுபடியும் வலிக்கிறது. ஒரு முனையில் பெட்டித் தையல் கோணலாகிவிட்டது, மேடைக்குத் தெரியாது என்று விட்டுவிட்டேன். பூட்டுக் குமிழும் வாங்கிவிட்டேன், கம்பிவேலி அவர்களுக்கு நன்றி.

இருஊசி

மகிழ்ச்சி. வெட்டிய பழைய முனைகளை எறியாதீர்கள், அடுத்த முறை சாயம் சோதித்துப் பார்க்க உதவும்.