அப்டேட்: பேய் ராப் வீடியோ முடிஞ்சுது, எந்த ஐடியா வேலை செஞ்சுதுன்னு சொல்றேன்

போன மாசம் கேட்டிருந்தேன்ல, ஐயாயிரம் ரூபாய்க்குள்ள போன்லயே பேய் ராப் வீடியோ எடுக்கணும், டெஸ்ட் ஷூட்ல ஒரே ட்யூப்லைட் ஃப்ளிக்கர் (வீடியோல கோடு கோடா மினுங்கறது), பேயும் பயமாவே இல்லன்னு. பதில் போட்ட எல்லாருக்கும் ரொம்ப நன்றி.

ஃப்ளிக்கருக்கு ஷட்டர் 1/50 (ஒவ்வொரு ஃப்ரேமும் 1/50 செகண்ட் வெளிச்சம் வாங்கற மாதிரி) வைங்கன்னு சொன்ன அண்ணா சொன்னதுதான் சரி, நம்ம ஊர் கரண்ட் 50 ஹெர்ட்ஸ்ங்கறதால செகண்டுக்கு 25 ஃப்ரேம்ல 1/50 போட்டதும் அந்தக் கோடு சுத்தமா போயிடுச்சு.

பேய்க்கு முதல்ல ஸ்லோமோஷன் ட்ரை பண்ணோம், பாட்டை டபுள் ஸ்பீட்ல ஓடவிட்டு 50 ஃப்ரேம்ல எடுத்து, அப்புறம் 25 ஃப்ரேம்ல பாதி வேகத்துல ஓட்டறது, ஆனா ராப்புக்கு அது ஆகல, ஏற்கனவே வேகமான வரி, நாக்கு சுத்திக்குது. அப்புறம் ஒரு அக்கா சொன்ன மாதிரி தலைகீழா பண்ணோம்: பாட்டை பாதி ஸ்பீட்ல போட்டு, பேயா நடிச்ச பையன் மெதுவா வாயசைச்சு மெதுவா தலையைத் திருப்பினான், எடிட்ல 200% ஸ்பீட் ஏத்தினா உதடு பாட்டோட கரெக்டா ஒட்டுது, கழுத்து மட்டும் வெடுக்கு வெடுக்குன்னு திரும்புது. லேப்டாப்ல பாத்தப்போ எனக்கே உடம்பு சிலிர்த்துச்சு!

எதிர்பார்க்காதது ரெண்டு. கண் சிமிட்டறதும் வேகமாயிடும், அதனால டேக் ஓடறப்போ சிமிட்டாம இருக்கணும். ரத்தத்துக்கு சர்க்கரைப் பாகு, சிவப்பு ஃபுட் கலர், கொஞ்சம் கோகோ பவுடர் கலந்தோம், நிறம் அருமை, ஆனா அரை மணி நேரத்துல எறும்பு மொய்ச்சிடுச்சு, கடைசி ஷாட்ல பூசுங்க.

மொத்த செலவு 3,800.