இளங்கொடி (கன்று போட்டபின் விழவேண்டிய நஞ்சுக்கொடி) விழவில்லை, இது இரண்டாவது மாடு. அவசரம்

செவலைமாடு: ஜெர்சி கலப்பு, நேற்று ராத்திரி கன்று போட்டது. இளங்கொடி இன்னும் தொங்குகிறது. போன மாதம் ஈன்ற மாட்டுக்கும் இதேதான். தீவனத்தில் குறை வைக்கவில்லை. என்ன செய்யலாம்?

பவானிக்கரை: ராத்திரி எத்தனை மணி? எத்தனையாவது ஈத்து? காய்ச்சல் இருக்கிறதா?

பால்கேன்: கால்சியம் குறைவுதான், சந்தேகமே வேண்டாம். சினை முழுக்க கால்சியம் டானிக் கொடுத்திருந்தால் இது வந்திருக்காது.

தொழுவம்72: இதே கேள்விக்கு இங்கே எத்தனை முறை எழுதிவிட்டேன். பழைய இழைகளைப் படித்துவிட்டு வந்திருக்கலாம். 'குறை வைக்கவில்லை' என்றால் என்ன போட்டீர்கள்?

செவலைமாடு: 11 மணி. மூன்றாவது ஈத்து. காய்ச்சல் பார்க்கவில்லை. தை முதல் சோளத்தட்டும் வைக்கோலும்தான், பச்சை கிடையாது. தவிடு, பருத்திக்கொட்டைப் புண்ணாக்கு தாராளமாக. பக்கத்துத் தோட்டத்து அண்ணன் கொடியில் கல் கட்டச் சொல்கிறார்.

பவானிக்கரை: கல் கட்டாதீர்கள், கையால் இழுக்கவும் வேண்டாம், கருப்பை புண்ணாகும். மணி ஒன்றாகிவிட்டது, 14 மணி நேரம். கால்நடை ஆம்புலன்ஸ் எண் 1962-க்குப் போன் செய்யுங்கள்.

காரணம் அந்தக் காய்ந்த தட்டுதான் என்று நினைக்கிறேன். பச்சை காயும்போது வைட்டமின் ஈ பெரும்பகுதி போய்விடும். ஈனும் சமயத்தில் மாட்டின் ரத்தத்திலும் அது இறங்கும், சீம்பாலுக்கும் போகும். அப்போது ஆக்சிஜனேற்ற அழுத்தம் (அணுக்களைக் கெடுக்கும் ஆக்சிஜன் கழிவுகள் சேர்வது) கூடி வெள்ளை அணுக்கள் சோர்ந்துவிடும். கொடியைப் பிரித்துவிடுவதில் அந்த அணுக்களுக்கும் பங்கு உண்டு. இப்போது வைட்டமின் கொடுத்து இந்தக் கொடியை இறக்க முடியாது. அடுத்த மாட்டுக்குச் சினையின் கடைசி 3 வாரம் நாளுக்கு வைட்டமின் ஈ 1,000 யூனிட் அளவில், டாக்டரைக் கேட்டுக் கொடுங்கள். அதோடு சேர்த்துக் கொடுக்கும் செலினியம் என்ற தாதுவை மட்டும் கை அளவில் போடாதீர்கள். கிலோ தீவனத்துக்கு 0.3 மில்லிகிராம் போதும், மிஞ்சினால் விஷம்.

பால்கேன்: அப்போ கால்சியம் பொய்யா?

தொழுவம்72: ஈன்ற அன்று கால்சியம் இறங்கினாலும் கொடி தங்கும், அது சரி. ஆனால் வற்றுக்காலத்தில் (ஈனுவதற்கு முன் பால் நிறுத்திய காலம்) ஊற்றினால் எலும்பிலிருந்து எடுக்கும் வேலையை உடம்பு மறந்துவிடும், ஈன்றதும் கால்சியம் இறங்கி மாடு படுத்துவிடும் பால் காய்ச்சல்தான் வரும்.

பால்கேன்: எங்கள் தொழுவத்தில் பத்து வருடமாக ஊற்றுகிறோம், ஒன்றும் வரவில்லை.

அகத்திக்கீரை: எங்கள் அம்மா மூங்கில் இலைதான் கொடுப்பார்.

தொழுவம்72: மூங்கில் இலை தின்னட்டும். அதை நம்பி டாக்டரைத் தள்ளிப்போடக் கூடாது.

செவலைமாடு: டாக்டர் வந்தார், 103.5 காய்ச்சல், ஊசி போட்டார். மூன்றாம் நாள் கொடி தானாக விழுந்தது. தீனி எடுக்கிறது. அடுத்த மாடு செவலை, ஆவணியில் ஈனும். அதற்கு இன்று முதல் கோ 5 பச்சைத் தீவனப்புல் அறுத்துப் போடுகிறேன்.