'வன்பொருள்-நட்பு' வேண்டாம், 'நிலையிடம்' போடலாமே

வணக்கம் ஐயா. மென்பொருள் உதவியில்லாமல் வலையட்டையின் சில்லே எளிதாகப் பிரித்துப் படிக்கக்கூடிய தகவல் பரிமாற்ற நெறிமுறைக்கு (hardware-friendly protocol) நீங்கள் முன்வைத்த 'வன்பொருள்-நட்பு நெறிமுறை' என்ற சொல் எனக்கு ஒட்டவில்லை. சில்லுக்கு நட்பெல்லாம் எதற்கு? செய்தியின் எந்தப் புலம் (தகவல் கட்டம்) எத்தனையாவது பைட்டில் தொடங்குகிறது என்று முன்னதைப் படிக்காமலே தெரிந்தால் போதும், மளமளவென்று வேலையை முடித்துவிடும். அதனால்தான் 'நிலையிட நெறிமுறை' என்கிறேன்.

வலையமைப்பு வழியே கோப்புகளைப் பகிரும் நெறிமுறையான என்எஃப்எஸ்ஸையே (NFS) பாருங்கள். 1989-இல் வெளியான இரண்டாம் பதிப்பின் ஆவணத்தில் கோப்புப் பிடி (எந்தக் கோப்பு என்று சுட்டும் அடையாளம்) சரியாக 32 பைட். 1995-இல் மூன்றாம் பதிப்பு வந்தபோது, 64 பைட்டுக்குள் எவ்வளவும் இருக்கலாம் என்று ஆக்கிவிட்டார்கள். நிரல் எழுதுபவருக்கு வசதி, வலையட்டைக்குத் தலைவலி. அதற்கும் முன்னால், கோரிக்கை அனுப்புபவர் யார் என்று சொல்ல வரும் அடையாளப் பகுதிதான் பெரிய கூத்து: வழக்கமான யூனிக்ஸ் வகையில் கணினியின் பெயர் 255 பைட் வரை போகலாம், பயனர் சேர்ந்திருக்கும் குழுக்களின் எண்கள் 16 வரை வரலாம். ஆக, கோப்பில் எழுத அனுப்பும் தரவு எங்கே தொடங்கும் என்பது, யாரோ தன் கணினிக்கு எவ்வளவு நீளமாகப் பெயர் வைத்தார் என்பதைப் பொறுத்தது! எல்லாவற்றையும் 4 பைட் எல்லைக்கு நிரப்புகிறார்கள், சரி, ஆனால் தரவை 4096 பைட் நினைவகப் பக்கத்தில் நேராக இறக்கி வைக்க அது போதாதே. பல செயல்களை ஒன்றாகக் கட்டி அனுப்பும் நான்காம் பதிப்பின் கூட்டுக் கோரிக்கையில் ஒவ்வொரு செயலுக்கும் நீளம் குறிப்பதில்லை. முன்னதை முழுக்கப் பிரித்தால்தான் அடுத்தது எங்கே என்று தெரியும். ஆனால் மைக்ரோசாஃப்டின் கோப்புப் பகிர்வு நெறிமுறையான எஸ்எம்பி2-இல் (SMB2) தலைப்பகுதி 64 பைட், எழுதும் தரவு எங்கே இருக்கிறது என்று ஒரு புலமே சொல்லிவிடும். (இதற்காக என்னை மைக்ரோசாஃப்ட் ஆளாக்கிவிடாதீர்கள்.)

இங்கே மலேசியாவின் சுங்கை சிப்புட்டில் மாலை வகுப்புப் பிள்ளைகளுக்கு இதைத் தோட்டத்தை வைத்துத்தான் சொன்னேன். இத்தனையாவது நிரை, இத்தனையாவது மரம் என்றால் கிராணி (தோட்டத்து எழுத்தர்) நேரே போய் நிற்பார். 'சாய்ந்த மரத்துக்கு அடுத்தது' என்றால் காடு முழுக்க நடக்கணும். 'நிலையிடம்' உடனே பிடிபட்டது.

தங்கச்சி ஒருவர் இதற்கே 'நிரை நெறிமுறை' என்று வைக்கலாமா எனக் கேட்டிருந்தார். அழகான சொல்தான், ஆனால் கூட்டுக் கோரிக்கையிலும் செயல்கள் நிரையாகத்தான் வருகின்றன, குழம்பிவிடும். முன்னதைப் படித்தால்தான் அடுத்தது தெரியும் என்ற வகைக்கு, எதிர்ச்சொல்லாக 'தொடர்வாசிப்பு நெறிமுறை' வைக்கலாம். அப்புறம், ஆஃப்செட்டுக்கு (offset, செய்தியின் தொடக்கத்திலிருந்து ஒரு புலம் இருக்கும் தூரம்) 'பெயர்ச்சி' வேண்டவே வேண்டாம், குருப்பெயர்ச்சிதான் ஞாபகம் வருகிறது, 'தொடக்கத்தூரம்' போதும். மறுப்பு இருந்தால் எழுதுங்கள்.