ஊருக்குப் போய்ச் சேர்வதற்குள்: உங்களுக்கு நடந்ததையும் சொல்லுங்கள்

ராஜபாளையத்தான்:
2022 தீபாவளிக்கு முந்தைய சனிக்கிழமை ராத்திரி. சென்னையில் பெருங்களத்தூர் பஸ் ஸ்டாப் எப்படி இருந்திருக்கும் என்று நான் சொல்ல வேண்டியதில்லை. ஒன்பது மணி பஸ் பத்தே முக்காலுக்கு வந்தது. பரனூர் டோல்கேட்டைத் தாண்டும்போது மணி ஒன்று. அம்மா அதற்குள் மூன்று தடவை போன் செய்துவிட்டாள். திண்டிவனத்தில் நான்காவது. விக்கிரவாண்டியில் ஐந்தாவது வந்தபோது கத்திவிட்டேன். "சும்மா சும்மா கூப்பிடாதம்மா, வரும்போது வருவேன்." பக்கத்து சீட்டுக்காரர் திரும்பிப் பார்த்தார். அம்மா "சரிப்பா" என்று வைத்துவிட்டாள். அதற்கப்புறம் போனே வரவில்லை. நானும் தூங்கிப்போனேன்.

வீட்டுக்குப் போனபோது பகல் பன்னிரண்டரை. அம்மா திண்ணையில் உட்கார்ந்திருந்தாள். சார்ஜர் ஒயரை ஜன்னல் கம்பி வழியாக வெளியே இழுத்து, போனை மடியில் வைத்திருந்தாள். விடிகாலையிலிருந்து அப்படியேதான் இருக்கிறாள் என்று எதிர்வீட்டு அத்தை சொன்னார். நான் கூப்பிடும்போது சார்ஜ் இல்லாமல் போய்விடக் கூடாதாம்.

அன்றிலிருந்து நான் பஸ்ஸில் இருக்கும்போது அம்மா கூப்பிடுவதில்லை. ஆபீஸில் ஒருவர் அடிக்கடி சொல்வார், போய்ச் சேர்வதைவிடப் பயணம்தான் முக்கியம் என்று. கேட்கும்போதெல்லாம் எனக்கு அந்த ஒயர்தான் கண்ணில் நிற்கிறது.

மாம்பலவாசி:
உங்கள் ஆபீஸ்காரர் சொல்வதில் கொஞ்சம் உண்மை இருக்கிறது, தம்பி. ஃபெஞ்சல் புயல் சமயம், 2024 டிசம்பர் 2. மதுரையிலிருந்து சென்னைக்கு வீடு திரும்பிக்கொண்டிருந்தேன். விக்கிரவாண்டிக்கும் முண்டியம்பாக்கத்துக்கும் நடுவே பாலத்தில் தண்ணீர் ஏறி, எங்கள் ரயிலை விழுப்புரத்துக்கு முன்னாலேயே நிறுத்திவிட்டார்கள். காப்பி இல்லை, கழிவறையில் தண்ணீர் தீர்ந்துவிட்டது. எதிர் சீட்டில் ஒரு குழந்தை பசியில் அழுது ஓய்ந்து, மறுபடி அழுதது.

ஓரத்தில் ஒரு பாட்டி. மகள் வளைகாப்புக்காக முறுக்குச் சுட்டு, பெரிய எவர்சில்வர் தூக்கில் போட்டு, மூடி திறந்துகொள்ளாமல் துணியால் இறுக்கிக் கட்டி எடுத்துவந்திருந்தார். முடிச்சின் மேல் கையை வைத்தபடி ரொம்ப நேரம் அந்தக் குழந்தையையே பார்த்துக்கொண்டிருந்தார். அப்புறம் பல்லால் கடித்து முடிச்சை அவிழ்த்தார். அந்தப் பெட்டியில் இருந்த எல்லோருக்கும் கிடைத்தது. வளைகாப்புக்கு அவர் என்ன கொண்டுபோனாரோ, தெரியாது. வீட்டுக்கு எத்தனை மணிக்குப் போனேன் என்பது இப்போது நினைவில்லை. அந்தப் பல்லும் முடிச்சும் மறக்கவில்லை.

வடமராட்சி மகள்:
மாம்பலவாசி அண்ணா, கோபிக்க வேண்டாம். அன்றைக்கு இல்லாவிட்டாலும் அடுத்த நாள் வீட்டுக்குப் போய்விடலாம் என்று உங்களுக்குத் தெரியும். அது தெரிந்தவர்களுக்குத்தான் பயணம் பெரிதாய்த் தெரியும்.

2006 ஓகஸ்டில் சண்டையால் யாழ்ப்பாணம் போகிற ஏ9 பாதையைப் பூட்டியபோது நாங்கள் கொழும்பில். அப்பம்மா ஊரில். அடுத்த வருசம் அவ செத்துப்போனா. அப்பாவால் தாயின் செத்தவீட்டுக்குப் போக முடியவில்லை. பாதை திறந்த பிறகும் அவர் போகவில்லை. போனால் ரயிலில்தான் என்று சொல்லிவிட்டார். 1990 ஜூனில் நின்ற யாழ்தேவி 2014 ஒக்டோபரில்தான் திரும்ப யாழ்ப்பாணம் வரைக்கும் ஓடியது. அடுத்த மாதமே போனோம்.

ஆனையிறவு தாண்டும்போது உப்புக்காற்று யன்னலால் அடித்தது. அப்பா எழும்பிச் சப்பாத்தைப் போட்டு, பையைத் தோளில் மாட்டிக்கொண்டு வாசலில் போய் நின்றார். கொடிகாமத்துக்கு இன்னும் நேரம் கிடக்கிறது, இருங்கோ என்று நான் கையைப் பிடித்தேன். இருக்கவில்லை. ஒரு வார்த்தை கதைக்கவும் இல்லை. அந்தப் பயணத்தில் வெளியே என்ன பார்த்தீர்கள் என்று அவரைக் கேட்டால் ஒன்றும் சொல்ல மாட்டார்.

பஸ் பயணி:
எல்லோரும் மனசு கஷ்டப்பட்டு எழுதியிருக்கிறீர்கள். 2019 பொங்கலுக்கு நான் திருச்சி வரை நின்றுகொண்டே போனேன், அவ்வளவுதான் என் கதை. இன்னொருவர் அப்படிப் போகக் கூடாது என்பதற்காகச் சொல்கிறேன். ரயில் முன்பதிவு முன்பு 120 நாளாக இருந்தது, 2024 நவம்பரிலிருந்து 60 நாள்தான். பண்டிகைத் தேதியிலிருந்து பின்னோக்கி எண்ணி, காலண்டரில் இப்போதே வட்டம் போட்டு வையுங்கள். காலை எட்டு மணிக்குத் திறக்கும், ஏழே முக்காலுக்கே தயாராக இருக்க வேண்டும். கிடைக்கவில்லை என்றால் தட்கல்: ஏசிக்குப் பத்து மணி, ஸ்லீப்பருக்குப் பதினொன்று. ஆதார் சரிபார்ப்பை முன்னாலேயே முடித்துவிடுங்கள், கடைசி நேரத்தில் ஓடிபி வராமல் தவித்தவர்கள் நிறையப் பேர். பஸ் என்றால் கடைசி வரிசை வேண்டவே வேண்டாம், இடுப்பு போய்விடும். எலுமிச்சம்பழம் இரண்டு, புளிச்சோறு ஒரு பொட்டலம், பவர் பேங்க். பண்டிகைக்கு முந்தைய ராத்திரி கிளம்பாமல் இரண்டு நாள் முன்னால் பகலில் கிளம்புங்கள். வீட்டில் காலையில் வருவேன் என்று சொல்லாதீர்கள், மதியம் என்று சொல்லுங்கள். ராஜபாளையத்தான் அம்மா விஷயமும் அதனால்தான்.

மாம்பலவாசி:
வடமராட்சித் தங்கச்சி, கோபம் எதுவும் இல்லை. நீங்கள் எழுதியதை வீட்டில் படித்துக் காட்டினேன். அப்பா நன்றாக இருக்கிறாரா?

வடமராட்சி மகள்:
ஓம் அண்ணா. ஊரிலேயே இருக்கிறார்.

ராஜபாளையத்தான்:
பஸ் பயணி அண்ணே, டிக்கெட் இருந்தது எனக்கு. டிக்கெட்டைப் பற்றி நான் கேட்கவே இல்லை.

போன பொங்கலுக்கு ஒன்று செய்தேன். பரனூரில் நானே கூப்பிட்டேன், அப்புறம் திண்டிவனத்தில், உளுந்தூர்பேட்டையில். திருச்சி வந்தபோது மணி நாலு. எழுப்ப வேண்டாம் என்று யோசித்துவிட்டு அப்புறம் கூப்பிட்டேன். முதல் ரிங்கிலேயே எடுத்துவிட்டாள். "தூங்கலையாம்மா?" என்றேன். "இப்பதான் முழிச்சேன்" என்றாள். குரலில் தூக்கமே இல்லை.