ஆடிக் கூழுக்கு வாங்கிய பழம் குரங்கிடம் போனது, என்ன செய்யலாம்?

சில்வர்கிளென் அக்கா:
தென்னாப்பிரிக்காவில், டர்பன் சாட்ஸ்வொர்த்தில், சில்வர்கிளென் காப்புக்காட்டை ஒட்டிய தெருவில் இருக்கிறோம். ஜூனில் குளிர் தொடங்கியதிலிருந்து கருமூஞ்சிக் குரங்குகளின் (வெர்வெட்) தொல்லை தாங்க முடியவில்லை. மாரியம்மனுக்குக் கூழ் ஊற்ற வாங்கி வைத்த இரண்டு சீப்பு வாழைப்பழமும் நேற்றுப் போய்விட்டது. ஜன்னலுக்குப் பர்க்ளர் கார்டு, அதாவது திருடர் நுழையாமல் தடுக்கும் இரும்புக் கம்பி, இருக்கிறது. கம்பி இடுக்கில் முதலில் தலை, அப்புறம் ஒரு தோள் என்று ஒரு குட்டி உள்ளே நுழைந்து பழத்தைத் தள்ளிவிட, வெளியே நின்ற பெரியது கைவிட்டு இழுத்துக்கொண்டது. நான் அடுப்பருகில் அப்படியே நின்றுவிட்டேன்.

காற்றுத் துப்பாக்கி வாங்கலாம் என்கிறான் மகன். எனக்கு மனசு வரவில்லை. ஆனால் மூன்று வயதுப் பேத்தி வீட்டில் இருக்கிறாள், கடித்துவிட்டால்?

வெருளம் வாத்தியார்:
துப்பாக்கி வேண்டாம் தங்கச்சி. குடியிருப்புப் பகுதியில் தகுந்த காரணமில்லாமல் காற்றுத் துப்பாக்கி சுடுவதே 2000ஆம் ஆண்டுத் துப்பாக்கிக் கட்டுப்பாட்டுச் சட்டப்படி குற்றம். குரங்கை வதைப்பது 1962ஆம் ஆண்டு விலங்குப் பாதுகாப்புச் சட்டப்படியும் குற்றம். சட்டம் கிடக்கட்டும். இவை பெரும்பாலும் அக்டோபரிலிருந்து டிசம்பருக்குள் குட்டி போடும், ஐந்தரை மாதம் சுமக்கும். இந்த ஜூலையில் உங்கள் சுவரில் உட்காரும் பெண்குரங்குகளில் பல சினையாக இருக்கும். எங்கள் தெருவில் ஒன்று தோளில் குண்டு பட்டு, இடது கையைத் தூக்க முடியாமல் மூன்று நாள் மாமரத்தடியில் கிடந்தது. இன்னும் என் கண்ணைவிட்டுப் போகவில்லை.

நம் பக்கம் மழை கோடையில்தான். இப்போது காடு காய்ந்து பழம் குறைவு, அதனால்தான் வீடு தேடி வருகின்றன. பர்க்ளர் கார்டுக்கு உட்பக்கமாகச் சின்னக் கண்ணுள்ள கம்பிவலை அடித்துவிடுங்கள். பழமும் ரொட்டியும் வெளியிலிருந்து கண்ணில் படவே கூடாது. குப்பைப் பையை முந்தின இரவே வாசலில் வைக்காமல், வண்டி வரும் காலையில் வையுங்கள். உள்ளே வந்துவிட்டால் கதவைத் திறந்துவிட்டு ஒதுங்கி நில்லுங்கள். வழி அடைபட்டால்தான் அது பாயும்.

பீனிக்ஸ் மருமகள்:
நான் ரப்பர் பாம்பு வாங்கி மதிலில் போட்டேன். பாம்புக்கென்றே தனிக் குரல் வைத்திருக்கும் குரங்கு இது. முதல் நாள் அந்தக் குரல் கேட்டு மொத்தக் கூட்டமும் ஓடியது. நான்கு நாளில் பழகிவிட்டது. தினம் இடம் மாற்றினால் கொஞ்சம் பலன் உண்டு, ஹோஸ் தண்ணீர் அதைவிட மேல். அக்கா, பக்கத்தில் யாராவது தீனி போடுகிறார்களா? எங்கள் தெருவில் அதுதான் மூல காரணம்.

கிளினிக் நர்ஸ்:
கடித்தாலோ பிறாண்டினாலோ சோப்புப் போட்டு, ஓடும் தண்ணீரில் 15 நிமிடம் கழுவுங்கள். அன்றைக்கே கிளினிக்குக்குக் கொண்டுபோங்கள். நம் மாகாணத்தில் நாய்களிடம் வெறிநோய் இருக்கிறது, எந்த விலங்குக் கடியையும் அலட்சியம் செய்யாதீர்கள். குழந்தை கையில் தின்பண்டத்தோடு முற்றத்துக்குப் போகக்கூடாது.

சில்வர்கிளென் அக்கா:
எல்லாருக்கும் நன்றி. வாத்தியார் அண்ணா எழுதியதை மகனிடம் படித்துக் காட்டினேன். ஒன்றும் பேசாமல் கடைக்குப் போய் வலை வாங்கி வந்தான், சனிக்கிழமை அடித்து முடித்தாகிவிட்டது. பக்கத்து வீட்டு ஆயாதான் தினம் காலையில் ரொட்டி போடுகிறார். பாசத்தில் செய்கிறார், பக்குவமாகத்தான் சொல்ல வேண்டும். இந்த வாரம் பழத்தைக் கூழ் ஊற்றும் அன்று காலையில்தான் வாங்குவேன்.