ஆம்பளைங்க மட்டும் கூடுற கதை, சடங்கு கேம்ப்: யாராவது போயிருக்கீங்களா?

ஏரிக்கரைஆள் (மினியாபோலிஸ்)

எல்லாருக்கும் வணக்கம். கொஞ்சம் நீளமா போகும், பொறுத்துக்கோங்க.

மினசோட்டா வந்து 16 வருஷம் ஆச்சு, வயசு 44, ஐடி வேலை. ஆபீஸ்ல என்கூட ஒரு பெரியவர் வேலை பாக்குறார், இந்த ஊர்க்காரர், சீக்கிரம் ரிட்டயர் ஆகப் போறார். வருஷா வருஷம் செப்டம்பர்ல ஒரு வாரம் லீவு போட்டுட்டு வடக்க ஒரு ஏரிக்கரை கேம்ப்புக்குப் போவார், மீன் பிடிக்கத்தான் போறார்னு இத்தனை வருஷமா நெனச்சிட்டு இருந்தேன். போன மாசம் சாப்பிடும்போது என் பையனப் பத்தி பேச்சு வந்துச்சு, அப்பதான் சொன்னார். அது ஆம்பளைங்க மட்டும் கூடுற எடமாம். ஒரே ஒரு பழைய கதைய வாரம் முழுக்க கொஞ்சம் கொஞ்சமா சொல்லுவாங்களாம், மேளம் அடிப்பாங்களாம், கவிதை வாசிப்பாங்களாம், கடைசில ஒரு சடங்கு இருக்குமாம். நீயும் வாயேன்னு கூப்பிட்டார்.

பையனுக்கு 14 வயசு. நான் கராஜ் கதவத் தொறக்குற சத்தம் கேட்டா அவன் ரூம் கதவு சாத்துற சத்தம் கேக்கும். சண்டைன்னு ஒண்ணும் இல்ல, அதுதான் கஷ்டமா இருக்கு, சண்டைன்னா சமாதானமாவது பண்ணலாம். எங்கப்பா ராஜபாளையத்துல ஸ்பின்னிங் மில்லுல இருந்தார். அவரும் என்கூட உக்காந்து பேசினவர் இல்ல, ஆனா நைட் ஷிப்டுக்கு சோத்துத்தூக்கு கொண்டுபோய்க் குடுப்பேன், தலையெல்லாம் பஞ்சு ஒட்டியிருக்க வெளிய வந்து வாங்குவார், அது இன்னும் கண்ணுல நிக்குது. என் பையன் என்னப் பாத்தா ஹெட்செட் மாட்டிட்டு பேஸ்மெண்ட்ல தனியா பேசிட்டு இருக்கற ஆளாத்தான் தெரியும்.

என் சந்தேகம் இதுதான். இது மதம் மாத்துற கூட்டம் மாதிரி ஏதாவதா? கட்டாயப்படுத்தி அழ வைப்பாங்களா? நம்ம ஆளுங்க யாராவது போயிருக்கீங்களா? வீட்ல கேட்டேன், தாராளமா போயிட்டு வாங்க ஆனா என்ன ஏதுன்னு முழுசா தெரிஞ்சுக்கிட்டு போங்கன்னுட்டாங்க.

கரிசல்காட்டான் (விஸ்கான்சின்)

அண்ணா, இந்த மாதிரி கதை கேம்ப், நேரா நம்மள நோண்டுற வீக்கெண்ட், நான் ரெண்டு வகையும் போயிருக்கேன், அதனால விவரமாவே சொல்றேன்.

முதல்ல இது எங்கேர்ந்து வந்ததுன்னு. ராபர்ட் ப்ளைன்னு ஒரு கவிஞர், உங்க மினசோட்டாக்காரர்தான், மேற்கால மாடிசன்னு ஒரு சின்ன ஊர், விவசாயக் குடும்பம், அப்பா குடிப்பழக்கம் உள்ளவர். 1968ல நேஷனல் புக் அவார்டு கெடச்சப்ப அந்தப் பணத்த வியட்நாம் போருக்கு ஆள் சேக்குறத எதுத்துப் போராடினவங்களுக்குக் குடுத்தவர். நம்ம கபீர், மீராபாய் பாட்டெல்லாம் இங்கிலீஷ்ல எழுதினவர். அவரு 80கள்ல ஆம்பளைங்கள மட்டும் கூப்பிட்டு காட்டுக்குள்ள கூட்டம் போட ஆரம்பிச்சார், கூடவே மைக்கேல் மீட்னு ஒரு கதைசொல்லி, மேளம் அடிச்சிக்கிட்டே கதை சொல்றவர், அப்புறம் ஜேம்ஸ் ஹில்மன்னு, கார்ல் யுங்ங்குற ஸ்விஸ் உளவியல் மேதை வழி வந்த ஒரு உளவியல்காரர். 1990ல டிவில பில் மோயர்ஸ்னு ஒரு பத்திரிகையாளர் இதப்பத்தி ஒரு நிகழ்ச்சி போட்டார், அதே வருஷம் ப்ளையோட அயர்ன் ஜான் புத்தகம் வந்துச்சு, நாடு பூரா பரவிடுச்சு. ப்ளை 2021 நவம்பர்ல தன்னோட 94 வயசுல இறந்துட்டார், கூட்டம் இன்னும் நடக்குது.

அந்தப் புத்தகத்துக்கு அடிப்படை ஜெர்மன் நாட்டுப்புறக் கதைகள கிரிம் சகோதரர்கள் தொகுத்ததுல 136-வது கதை. காட்டுக்குள்ள போற வேட்டைக்காரன் எவனும் திரும்பி வரமாட்டான். ஒருத்தன் நாயோட போறான், குளத்துலேர்ந்து ஒரு கை நீண்டு நாய உள்ள இழுத்துடுது. அவன் ஆள் கூட்டியாந்து குளத்த வாளி வாளியா எறைக்கிறான், அடியில துருப்பிடிச்ச இரும்பு நெறத்துல, முட்டி வரைக்கும் முடி தொங்க ஒரு காட்டு மனுஷன் படுத்திருக்கான். அவனப் பிடிச்சு அரண்மனை முற்றத்துல கூண்டுல போடுறாங்க. ராஜாவோட எட்டு வயசுப் பையனோட தங்கப் பந்து உருண்டு கூண்டுக்குள்ள போயிடுது, தொறந்து விட்டாத்தான் குடுப்பேங்குறான், சாவி எங்கன்னா அம்மா தலகாணிக்கு அடியில. பையன் சாவிய எடுத்துத் தொறக்குறான், விரல் நசுங்குது, அடி விழும்னு பயந்து அந்தக் காட்டு மனுஷன் தோள்ல ஏறி காட்டுக்கே போயிடுறான்.

இதுல ஒரு பகுதி சொல்லிட்டு நிறுத்திடுவாங்க. அப்புறம் ஒரே கேள்விதான், இந்தக் கதையில நீ எங்க நிக்கிற? ஒருத்தர் நான் அந்த நாய்னார். இன்னொருத்தர், வயசு 70 இருக்கும், நான் வாளியில எறைக்கிறவன், 30 வருஷமா எறைச்சிட்டு இருக்கேன் இன்னும் அடி தெரியலன்னார். நானும் வாய் தொறந்து பேசினேன், உன் பிரச்சனை என்னன்னு நேரா கேட்டிருந்தா ஒண்ணுமில்லன்னுதான் சொல்லியிருப்பேன், கதைக்குள்ள வெச்சுக் கேட்டதால சொல்ல வந்துச்சு. நான் சமையல்கட்டுல சாம்பல் அள்ளுற இடத்துல நின்னேன். ஆமா, அந்தப் பையன் பின்னாடி வேற ஊர்ல போய் அரண்மனை அடுப்படில விறகு தூக்கி, தண்ணி சொமந்து, சாம்பல் அள்ளுவான், ராஜா மகன்னு ஒருத்தருக்கும் தெரியாது. எனக்கு வேலை போய் எட்டு மாசம் ஆகியிருந்த நேரம் அது, அத கேவலம்னு நெனச்சிட்டு இருந்தேன், கதையில அது கடந்தே ஆகவேண்டிய ஒரு காலமா இருந்துச்சு.

மில்லு பத்தி எழுதினீங்களே, அது ப்ளை சொன்ன விஷயத்துக்கு நேரா வந்து நிக்குது. தொழிற்புரட்சிக்கு அப்புறம் அப்பாவோட வேலைய மகன் பாக்குறதே இல்ல, சாயங்காலம் வீட்டுக்கு வர்ற அவரோட களைப்பும் கோபமும்தான் மகனுக்குக் கெடைக்குது, அவரோட கை செய்யுறது கெடைக்கலங்குறார். உங்களுக்கு அந்தப் பஞ்சாவது கண்ணுல நிக்குது.

மதம் இல்ல. நான் போனதுல அழச் சொல்லி யாரும் கட்டாயப்படுத்தல. இன்னொரு வகை இருக்கு, மேன்கைண்ட் ப்ராஜெக்ட் நடத்துற வீக்கெண்ட், 1985ல இங்க விஸ்கான்சின்ல ஆரம்பிச்சது. வெள்ளிக்கிழமை சாயங்காலம் போனா ஞாயித்துக்கிழமை வரைக்கும், போன், வாட்ச் எல்லாம் வாங்கி வெச்சுப்பாங்க, உள்ள நடக்குறத வெளிய விவரிக்கக் கூடாதும்பாங்க. அது கதை கேக்குற எடம் இல்ல, நேரா உங்கள நோண்டுற எடம். எனக்கு உதவுச்சு, ஆனா உங்க நெலமைக்கு முதல்ல அந்த ஏரிக்கரை கேம்ப்புதான் சரின்னு தோணுது.

வடலி (ஸ்கார்பரோ)

வணக்கம் அண்ணை. ரெண்டு நாள் யோசிச்சுப்போட்டுத்தான் எழுதுறன்.

நான் போனது கதை கேம்ப் இல்லை, துக்கத்துக்கெண்டே நடந்த சடங்கு, ஆம்பிளையள் ஒரு முப்பது பேர் வரும். மேற்கு ஆப்பிரிக்காவில புர்கினா பாசோ நாட்டு டகாரா சனத்தின்ர செத்தவீட்டு முறையில இருந்து வந்தது. மலிடோமா சொமே எண்டு ஒருத்தர், நாலு வயசளவில ஜெசுவிட் பாதிரிமார் கொண்டுபோய் தங்கட பள்ளிக்கூடத்தில வளர்த்தவை, 20 வயசில தப்பி நடந்தே ஊருக்கு வந்து, பிந்தித்தான் தன்ர ஊர்ச் சடங்குகளைச் செய்தவர். பிறகு அமெரிக்கா வந்து, மேல சொன்ன ப்ளை, மீட் ஆக்களின்ர கூட்டங்களிலயும் படிப்பிச்சவர். அவரும் 2021 கடைசியில காலமாயிட்டார். அவரிட்டப் படிச்ச ஆக்கள்தான் நான் போனதை நடத்தினவை.

ஒரு பக்கத்தில மேளம், நிப்பாட்டவே மாட்டினம். எதிர்ப்பக்கத்தில செத்த ஆக்களுக்கெண்டு துணி விரிச்சு மெழுகுதிரியும் படங்களும் வச்சிருப்பினம். நடுவில மற்ற எல்லாரும், அதை ஊர் எண்டுதான் சொல்லுவினம். அழுகை வந்தால் எழும்பி அந்தப் பக்கம் போகலாம். உங்களுக்குப் பின்னால ஒருத்தர் வந்து நிப்பார், தொடமாட்டார், கதைக்கமாட்டார், சும்மா நிப்பார். திரும்பி வரேக்க ஊர் முழுக்க கைய நீட்டி வா வா எண்டு கூப்பிடும்.

என்ர தம்பி 2009 மே மாசம் முள்ளிவாய்க்காலில இருந்தவன். உடம்பு கிடைக்கேல்ல. செத்தவீடு இல்லை, எட்டுச் செலவு இல்லை, அந்தியேட்டி இல்லை. அம்மா ஒப்பாரி சொல்லி அழுதவ, நான் இஞ்ச போனைப் பிடிச்சுக்கொண்டு நிண்டனான், அவவுக்கு ஆறுதல் சொல்லவேணும் எண்டு எனக்கு அழவே வரேல்ல, பிறகும் வரேல்ல, வருசக்கணக்கா. அண்டைக்குத்தான் வந்தது. எனக்குப் பின்னால நிண்ட மனுசன் ஒரு லொறி ட்ரைவர், தமிழ் தெரியாது, நான் என்னத்தைச் சொல்லிக் கத்தினன் எண்டு அந்தாளுக்கு ஒண்டும் விளங்கியிராது, ஆனா கடைசி வரைக்கும் நிண்டவர்.

எங்கட செத்தவீட்டிலயும் பறை இருந்தது, ஒப்பாரி இருந்தது. ஆனா அழுற வேலை பொம்பிளையளுக்கு, ஆம்பிளையளுக்குப் பந்தல் போடுற வேலை. எனக்கெண்டு ஒரு இடம் அங்க இருக்கேல்ல. போங்கோ அண்ணை.

நித்யமல்லி (நியூஜெர்சி)

வடலி அண்ணா, உங்க தம்பிக்காக இன்னைக்கு வெளக்கு ஏத்துறேன்.

நான் மனநலப் பிரிவுல நர்ஸ். என் ஹஸ்பெண்டும் இந்த மாதிரி ஒரு வீக்கெண்ட் போனார், அதனால ரெண்டு பக்கமும் தெரியும். ஏரிக்கரை அண்ணா, பணம் கட்டுறதுக்கு முன்னாடி கேக்க வேண்டியத கேட்டுடுங்க. சாப்பாடு, தூக்கம் ஒழுங்கா உண்டா, பாதியில கெளம்பணும்னா விடுவாங்களா, உடம்பு முடியாம போனா பாக்க தகுதியான ஆள் அங்க இருக்காங்களா, வியர்வைக் குடில் (சூடாக்கின கல்லு மேல தண்ணி ஊத்தி, அந்த ஆவில உக்கார வைக்கிற மூடின குடில்) மாதிரி உடம்பச் சோதிக்கிற விஷயம் உண்டா. 2009 அக்டோபர்ல அரிசோனால செடோனா பக்கம் ஒரு சுயமுன்னேற்ற ரிட்ரீட்ல அந்தக் குடிலுக்குள்ள சூடு தாங்காம 3 பேர் இறந்தாங்க, நடத்தினவருக்கு 2011ல ஜெயில் தண்டனை ஆச்சு. அது ஆம்பளைங்க கேம்ப் இல்லதான், இருந்தாலும் கேட்டே ஆகணும். டிப்ரஷனுக்கு மாத்திரை எடுக்குறவங்க அதப் பாதியில நிறுத்திட்டு இதுக்குப் போகக் கூடாது, இது வைத்தியம் இல்ல.

இன்னொண்ணு மனசுல இருக்கறத சொல்லிடறேன். என் ஹஸ்பெண்ட் திரும்பி வந்து ரெண்டு வாரம் பறந்துட்டு இருந்தார், பையனக் கட்டிப் புடிக்கிறார், கண்ணு கலங்குறார். மூணாவது வாரம் எல்லாம் பழையபடி ஆயிடுச்சு. அப்ப எனக்கு வந்த கோபம் கொஞ்ச நஞ்சம் இல்ல, அவர் காட்டுல இருந்தப்ப ரெண்டு பிள்ளைங்க, வேலை, வீடு எல்லாத்தையும் நான்தான் பாத்தேன். அப்புறம் அவரே தேடிப் போய் பக்கத்து ஊர்ல செவ்வாய்க்கிழமை ராத்திரி கூடுற ஏழெட்டு பேர் குழுவுல சேந்தார். இப்ப நாலு வருஷமா போறார். மாற்றம் அங்கதான் வந்துச்சு. ஒரு தடவ என்கிட்ட கத்திட்டு, அடுத்த செவ்வாய் அங்க போய் அதச் சொல்லிட்டு, வந்து என்கிட்ட மன்னிப்புக் கேட்டார். அதனால அந்த ஒரு வாரத்துக்கு அப்புறம் என்ன இருக்குன்னு கேளுங்க. ஒண்ணும் இல்லன்னா யோசிங்க.

அந்த சாவி ஏன் அம்மா தலகாணிக்கு அடியில இருக்குன்னும் எனக்குக் கேக்கணும். அம்மா பூட்டி வெச்சதாலதான் பையன் ஆம்பளையா வளரலன்னு ஆயிடுதே. கூண்டு போட்டது ராஜா தானே?

மணல்மேடு87 (கலிபோர்னியா)

அக்கா சொன்னதோட இதையும் சேத்துக்கறேன். பல எடத்துல சேஜ்ங்குற வாசனை மூலிகை இலைய எரிச்சு புகை காட்டுறது, வியர்வைக் குடில், இறகு, எல்லாம் இந்த மண்ணோட பழங்குடி மக்கள்கிட்ட கேக்காம எடுத்தது. 1993ல லக்கோட்டா மக்கள் கூடி, எங்க ஆன்மீகத்த சுரண்டுறவங்க மேல போர்னே அறிவிச்சாங்க. நீங்க இருக்கற மினசோட்டா டகோட்டா, ஒஜிப்வே மக்களோட மண்ணு. யாரோட சடங்கு, யார் கத்துக்குடுத்தாங்க, அவங்க சம்மதம் இருக்கான்னு தயங்காம கேளுங்க, ஒழுங்கா நடத்துறவங்க பதில் சொல்லுவாங்க. சபரிமலைக்கு மாலை போட்டுட்டு 41 நாள் வெரதம் இருக்கற எங்க மாமா, அந்த நாள்ல ஊர்ல இருக்கறவங்க எல்லாரும் சாமின்னு கூப்பிடறதாலதான் தன்னால பீடி தொடாம இருக்க முடியுதும்பார். அந்த வெரதத்தை யாராவது ஊரும் இல்லாம பேரும் இல்லாம வீக்கெண்ட் பேக்கேஜா வித்தா எனக்கு வலிக்கும், அதான் சொல்றேன்.

கரிசல்காட்டான் (விஸ்கான்சின்)

நித்யமல்லி அக்கா, நீங்க கேட்டது ரொம்ப சரி. 90கள்லயே பெண்ணியவாதிங்க இந்தக் கேள்விய எழுப்பினாங்க, அது நியாயம்னுதான் நானும் நெனைக்கிறேன். எங்க கூட்டத்துலயும் ஒருத்தர், எங்கம்மா சாவிய ஒளிச்சு வைக்கல, குடிச்சிட்டு வர்ற எங்கப்பா கைல கெடைக்காம பத்திரமா வெச்சிருந்தாங்கன்னார். அதுக்கப்புறம் அங்க ரொம்ப நேரம் யாரும் பேசல.

மணல்மேடு தம்பி, நான் போன கேம்ப்ல புகை போட்டாங்க, நான் கேக்கல. கேட்டிருக்கணும்.

ஏரிக்கரைஆள் (மினியாபோலிஸ்)

எல்லாருக்கும் நன்றி. வடலி தம்பி, நீங்க எழுதினத ரெண்டு தடவ படிச்சேன், வேற என்ன சொல்றதுன்னு தெரியல.

பெரியவர்கிட்ட எல்லாத்தையும் கேட்டேன். எப்ப வேணா கெளம்பலாம், குடில் கெடையாது, ஒரு நர்ஸ் வருஷா வருஷம் வர்றாராம். சடங்கு விஷயத்துல, முன்ன சேஜ் போட்டுட்டு இருந்தோம், இப்ப நிறுத்திட்டோம்னார். மாசத்துக்கு ஒரு தடவ சனிக்கிழம காலைல செயின்ட் பால்ல ஒருத்தர் வீட்ல கூடுவாங்களாம், 11 வருஷமா விடாம நடக்குதாம். அதக் கேட்டதும்தான் மனசு தெளிஞ்சுது.

நேத்து சாக்கர் பிராக்டிஸ் முடிஞ்சு பையனக் கூட்டிட்டு வர்றப்ப, அவன் காதுல இருந்தத எடுன்னு கூட சொல்லாம கதைய சும்மா சொல்ல ஆரம்பிச்சேன், குளத்துலேர்ந்து கை வர்ற வரைக்கும். சிக்னல்ல திரும்பிப் பாத்தா ஒரு பக்கம் கழட்டி வெச்சிருந்தான். அவ்வளவு தண்ணிய வாளியிலேயேவா எறைச்சாங்கன்னு கேட்டான். ஆமான்னேன்.

ஃபார்ம் அனுப்பிட்டேன். செப்டம்பர்ல அங்க ராத்திரி எவ்வளவு குளிரும்? தூங்குற பை எடுத்துட்டுப் போகணுமா? சைவம் கெடைக்குமா?

கரிசல்காட்டான் (விஸ்கான்சின்)

ராத்திரி 40 டிகிரி பாரன்ஹீட்டுக்குக் கீழ கூட போகும் அண்ணா. கேபின்ல ஹீட்டர் இருக்கான்னு கேட்டுக்கோங்க, இருந்தாலும் தூங்குற பை, கம்பளி சாக்ஸ் ரெண்டு ஜோடி, தலைல மாட்டுற டார்ச் வேணும், பாத்ரூம் தூரமா இருக்கும். சைவம்னு முன்கூட்டியே எழுதிப் போட்டா செய்வாங்க. ஊறுகா பாட்டில் ஒண்ணு எடுத்துட்டுப் போங்க, நான் கொண்டுபோன மாங்கா ஊறுகாய மூணாம் நாளே காலி பண்ணிட்டாங்க.