வெளிநாட்டுப் பண்ணைகளைப் பார்க்கப் போகிறேன்: ஐந்து நாடா, ஒன்றிரண்டு போதுமா?

வரப்பு:
எல்லோருக்கும் வணக்கம். பதினெட்டு வருடமாக விவசாயம் பார்க்கிறேன். காய்கறிதான் முக்கியம், கூடவே கொஞ்சம் மக்காச்சோளம், ஆறு கறவை மாடுகள். மற்ற நாடுகளில் எப்படிப் பயிர் வைக்கிறார்கள் என்று ஒருமுறையாவது நேரில் பார்த்துவிட வேண்டும் என்பது ரொம்ப நாள் ஆசை, அதற்காகவே பணம் சேர்த்துக்கொண்டு வந்தேன், இந்த வருடம் மூன்று வாரம் நிலத்தையும் மாட்டையும் பார்த்துக்கொள்வதாகத் தம்பியும் சொல்லிவிட்டான். நெதர்லாந்து, ஸ்பெயின், பிரேசில், நியூசிலாந்து, ஜப்பான் என்று ஐந்து நாடுகளை எழுதி வைத்திருக்கிறேன். ஒரு சுற்றுலா நிறுவனத்தில் கேட்டேன், எல்லாவற்றையும் ஒரே பயணத்தில் முடித்துத் தருகிறோம் என்கிறார்கள்.

எனக்கு இரண்டு கவலை. ஒன்று, போட்டோ எடுத்துக்கொண்டு திரும்பி வந்து பழையபடியே உழுதுகொண்டிருக்கக் கூடாது, என் நிலத்தில் எதையாவது மாற்ற வேண்டும். இரண்டாவது, என் மண் வருடா வருடம் இறுகிக்கொண்டே போகிறது, மேல்மண் மழையில் கரைகிறது, வேலைக்கு ஆளும் கிடைப்பதில்லை. இதற்கெல்லாம் எங்கே போனால் பயன்? குழுவோடு போகலாமா, தனியாகவா? போய் வந்தவர்கள் உள்ளதை உள்ளபடி சொல்லுங்கள்.

ஏற்றம்:
முதலில் என் தவறைச் சொல்லிவிடுகிறேன், நீங்கள் அதையே செய்ய வேண்டாம். எட்டு வருடத்துக்கு முன்னால் ஒரு குழுவோடு போனேன், பன்னிரண்டு நாளில் நான்கு நாடு. பாதி நாள் பேருந்திலேயே போய்விட்டது. ஒவ்வொரு பண்ணையிலும் ஒன்றரை மணி நேரம்: வரவேற்பு அறையில் ஒரு படம் போடுவார்கள், விற்பனைப் பிரிவில் இருக்கும் ஒருவர் சுற்றிக் காட்டுவார், வெளியே வந்தால் அடுத்த ஊருக்கு நேரமாகிவிட்டது என்பார்கள். கையில் மண்ணைத் தொட்ட விவசாயி ஒருவரிடமும் நான் பேசவில்லை. திரும்பி வந்தபோது நோட்டில் இருந்ததெல்லாம் இயந்திரங்களின் பெயர்கள்தான்.

இரண்டாவது முறை தனியாக, நெதர்லாந்துக்கு மட்டும். வெஸ்ட்லாந்து பகுதியில் கண்ணாடிக்குடிலில் தக்காளி போடும் ஒரு குடும்பத்தோடு ஒன்பது நாள் இருந்தேன். வெளியிலிருந்து பார்த்தால் கண்ணாடிதான் தெரியும். உள்ளே இருந்து பார்த்த பிறகுதான் புரிந்தது, அந்தக் கண்ணாடியைத் தாங்கி நிற்பது எரிவாயு. குளிருக்குச் சூடாக்குவது அதில், அது எரிந்து வரும் கரியமில வாயுவைச் சுத்தம் செய்து செடிக்கே கொடுக்கிறார்கள், கூடவே மின்சாரமும் எடுத்து விற்கிறார்கள். 2022இல் எரிவாயு விலை ஏறியபோது நிறைய குடில்களில் விளக்கை அணைத்தார்கள், நடவைத் தள்ளிப்போட்டவர்களும் உண்டு. அந்தக் கணக்கு என் நிலத்துக்குப் பொருந்தவே பொருந்தாது என்பது மூன்றாவது நாளே தெரிந்துவிட்டது.

ஆனால் நாலாவது நாள் ஒன்று பார்த்தேன். செடிகள் ராக்வூல் என்கிற பாறைப்பஞ்சில் நிற்கும், கொடுத்த தண்ணீரில் எவ்வளவு கீழே வடிந்து வருகிறது, அதில் உப்பு எவ்வளவு என்று தினமும் அளந்து, அதைப் பார்த்துத்தான் மறுநாள் தண்ணீரும் உரமும் முடிவு செய்கிறார்கள். இதற்குக் கண்ணாடி வேண்டாம், எரிவாயு வேண்டாம், ஒரு வாளியும் உப்பு அளக்கும் சின்னக் கருவியும் போதும். ஊருக்கு வந்ததும் நாற்றங்காலில் தொடங்கினேன், இன்றுவரை விடவில்லை, உரச் செலவு நன்றாகவே குறைந்திருக்கிறது. ஒன்றரை மணி நேரத்தில் சுற்றிக் காட்டுபவர் இதைச் சொல்லியிருக்க மாட்டார், அவருக்கு இது சொல்லும்படியான விஷயமாகவே தோன்றாது.

அதனால் ஐந்தை இரண்டாக்குங்கள். முடிந்தால் ஒன்று.

நாற்று:
உங்கள் பட்டியலில் பிரேசில் இருப்பதைப் பார்த்ததும் எழுத வேண்டும் என்று தோன்றியது. மண் கரைகிறது, இறுகுகிறது என்கிறீர்கள். ஐம்பது வருடத்துக்கு முன்னால் பரானா மாநிலத்தில் ரோலாந்தியா என்ற இடத்தில் ஹெர்பர்ட் பார்ட்ஸ் என்ற விவசாயிக்கு இருந்ததும் இதே பிரச்சினைதான். பெரிய மழை வந்தால் உழுத மண்ணும் விதையும் சேர்ந்து அடித்துக்கொண்டு போகும். அவர் என்ன செய்தார் தெரியுமா, 1972இல் வெளிநாட்டுக்குக் கிளம்பினார். அமெரிக்காவில் கென்டக்கியில் ஹாரி யங் என்ற விவசாயி 1962லிருந்தே உழாமல் விதைத்துக்கொண்டிருந்தார், அவருடைய நிலத்தைப் போய்ப் பார்த்தார். பார்த்ததோடு நிற்காமல் அதற்கான விதைப்புக் கருவியை வாங்கி அனுப்பச் சொல்லிவிட்டு வந்து, அதே வருடம் தன் நிலத்தில் உழாமல் சோயா விதைத்தார். சுற்றி இருந்தவர்கள் பைத்தியம் என்றார்கள். இன்றைக்கு பிரேசிலில் 3 கோடி ஹெக்டேருக்கு மேல் உழவில்லா விதைப்புதான். ஒரு விவசாயி இன்னொரு விவசாயியின் நிலத்தைப் போய்ப் பார்த்ததால் வந்தது இது. அவர் ஒரே ஒரு கேள்வியோடு போனார், என் மண் ஓடாமல் இருக்க என்ன செய்வது என்று. எனக்கு இந்தக் கதை அவ்வளவு பிடிக்கும்.

போனால் எதைப் பார்க்க வேண்டும் என்றால், விதைப்பு இயந்திரத்தை அல்ல. அறுவடை முடிந்த நிலத்தில் குனிந்து வைக்கோல் மூடாக்கை விலக்கி, அடியில் மண் எப்படி இருக்கிறது, புழு இருக்கிறதா, ஈரம் எவ்வளவு ஆழம் போயிருக்கிறது என்று பாருங்கள். உழுவதை நிறுத்தினால் மட்டும் மண் சரியாகிவிடாது, நிலம் எப்போதும் மூடியிருக்க வேண்டும், பயிர் மாற்றிப் போட வேண்டும், மூன்றும் சேர்ந்தால்தான் பலன். கேட்க வேண்டிய கேள்வி ஒன்று இருக்கிறது, கூச்சப்படாமல் கேளுங்கள்: களைக்கு என்ன செய்கிறீர்கள்? பெரும்பாலும் களைக்கொல்லி என்றுதான் பதில் வரும். அதை நீங்கள் ஏற்றுக்கொள்வீர்களா, நிலத்தை மூடி வைக்கவே வளர்க்கும் மூடுபயிரை மடக்கிப் படுக்க வைத்துக் களையை அடக்கும் ஆட்களைத் தேடிப் போவீர்களா என்பதை இங்கேயே முடிவு செய்துகொண்டு போனால் நல்லது.

கறவை:
நியூசிலாந்துக்கு நான் போயிருக்கிறேன், அதை மட்டும் சொல்கிறேன். மாதம் பார்த்துப் போங்கள். அங்கே பெரும்பாலான மாடுகள் ஜூலையிலிருந்து செப்டம்பருக்குள் கன்று போட்டுவிடும், வசந்தத்தில் புல் வளர்வதும் பால் உச்சத்துக்கு வருவதும் ஒன்றாக நடக்கும்படி அமைத்திருக்கிறார்கள். ஜூனில் போனால் மாடுகள் வற்றியிருக்கும், கறவைக் கொட்டகை காலியாக இருக்கும். தீவனத்தை வெட்டி மாட்டிடம் கொண்டு வருவதற்குப் பதிலாக மாட்டைப் புல்லிடம் கூட்டிப் போகிறார்கள். மின்வேலியை தினமும் கொஞ்சம் நகர்த்துவதில்தான் அவர்கள் திறமையே இருக்கிறது. ஆள் பற்றாக்குறை என்றீர்களே, அங்கே ஒரு நாளைக்கு ஒரே வேளை கறக்கும் பண்ணைகளும் உண்டு. பால் குறையும், அதற்கு ஈடாக வேலையும் மாட்டின் அலைச்சலும் குறையும். அதைக் கேட்டு வாருங்கள். 1984இல் அரசு விவசாய மானியங்களை எடுத்துவிட்ட நாடு அது, அதற்குப் பிறகு எப்படித் தாக்குப் பிடித்தோம் என்று வயதானவர்கள் நன்றாகப் பேசுவார்கள். நான் ஒரு மாலை முழுக்க உட்கார்ந்து கேட்டேன்.

அப்புறம் செருப்பு, பூட்ஸ் விஷயம். இதை யாரும் சொல்லவில்லை, ஆனால் ரொம்ப முக்கியம். உங்கள் வயலில் போட்ட பூட்ஸை எடுத்துப் போகாதீர்கள். விமான நிலையத்தில் இறங்கியதும் சமீபத்தில் பண்ணைக்குப் போனீர்களா என்று கேட்பார்கள், உண்மையைச் சொல்லிவிடுங்கள், அவர்களே பார்த்துக் கழுவித் தருவார்கள். மறைத்தால் 400 நியூசிலாந்து டாலர் அபராதம். 2001இல் பிரிட்டனில் கோமாரி பரவி 60 லட்சத்துக்கு மேல் கால்நடைகளை அழிக்க வேண்டி வந்தது. வாழையை அழிக்கும் டிஆர்4 வாடல் நோயும் காலணியில் ஒட்டிய மண்ணோடு போகக்கூடியது. திரும்பி வரும்போதும் அப்படித்தான், ஆசையாக இருக்கிறது என்று விதையையோ மண்ணையோ பையில் போட்டு வராதீர்கள். உங்கள் ஆறு மாடுகளை நினைத்துக்கொள்ளுங்கள்.

நீர்மடை:
மேலே சொன்னது எல்லாம் சரிதான், ஆனால் எல்லோரும் பெரிய பண்ணை இருக்கிற நாடுகளையே சொல்கிறீர்கள், அதில் எனக்கு ஒப்புதல் இல்லை. ஆறு மாடும் மக்காச்சோளமும் வைத்திருப்பவர் ஏன் கென்யாவைப் பட்டியலில் சேர்க்கவில்லை? விக்டோரியா ஏரிக்கரைப் பக்கம் சிறு விவசாயிகள் மக்காச்சோள வரிசைகளுக்கு நடுவே டெஸ்மோடியம் என்கிற பயறுவகைச் செடியைப் போடுகிறார்கள், ஓரத்தில் நேப்பியர் புல். டெஸ்மோடியத்தின் வாசனை தண்டுத் துளைப்பானின் தாய்ப்பூச்சியை விரட்டும், ஓரத்துப் புல் அதைத் தன்பக்கம் இழுக்கும். ஸ்ட்ரைகா என்ற ஒட்டுண்ணிக் களையும் அடங்கும், மண்ணுக்குத் தழைச்சத்தும் சேரும், இரண்டையும் வெட்டினால் மாட்டுக்குத் தீவனம். இந்த முறையை இசிபே என்ற பூச்சி ஆராய்ச்சி நிறுவனம் 1990களில் தொடங்கியது, இங்கிலாந்தின் ரோதம்ஸ்டெட் நிலையமும் சேர்ந்து செய்தது. அங்கே போனால் நிலத்தின் அளவும் கை முதலும் உங்களுடையது போலவே இருக்கும், அதனால் அவர்கள் சொல்லும் கஷ்டமும் உங்களுக்கு உடனே புரியும்.

ஸ்பெயின் போவதாக இருந்தால் அல்மேரியாவில் பிளாஸ்டிக் குடில்கள் 30,000 ஹெக்டேர் இருக்கின்றன, பார்க்க மலைப்பாக இருக்கும், ஆனால் நிலத்தடி நீர் எப்படி உப்பாகிப் போனது என்பதையும் அங்கேயே கேளுங்கள். வியாழக்கிழமை மதியம் வலென்சியா பேராலய வாசலில் தண்ணீர் நீதிமன்றம் கூடும், வாய்க்கால்வாரியாகத் தேர்ந்தெடுத்த விவசாயிகளே நீதிபதிகள், எல்லாம் வாய்ப்பேச்சில் முடியும். தண்ணீர்த் தகராறை நாமே தீர்த்துக்கொள்ள முடியும் என்பதைக் கண்ணால் பார்ப்பது பெரிய விஷயம்.

ஏற்றம்:
கென்யா பற்றி நீங்கள் சொன்னது நியாயம், நான் யோசிக்கவே இல்லை. ஒன்று விட்டுவிட்டேன். கிளம்பும் முன் நஃபீல்ட் உதவித்தொகையில் போன விவசாயிகளின் அறிக்கைகளைப் படியுங்கள். 1947இல் பிரிட்டனில் தொடங்கியது, இப்போது பல நாடுகளில் இருக்கிறது. ஆளுக்கு ஒரு கேள்வி எடுத்துக்கொண்டு நாடு நாடாகப் போய்ப் பார்த்து எழுதியிருப்பார்கள், இணையத்தில் இலவசமாகவே கிடைக்கும், எழுதியதும் விவசாயிகளே. பண்ணையில் தங்கி வேலை செய்து சாப்பாடு, தங்குமிடம் பெறுகிற ஏற்பாடு இருக்கிறது என்று யாராவது சொன்னால் விசாவைப் பார்த்துக்கொள்ளுங்கள், பல நாடுகளில் அதுவும் வேலை என்றே கணக்கு, சுற்றுலா விசாவில் கூடாது.

வரப்பு:
எல்லோருக்கும் நன்றி, இரண்டு நாளாகத் திரும்பத் திரும்பப் படித்துக்கொண்டிருக்கிறேன். அந்த பார்ட்ஸ் கதையைத் தம்பிக்கும் படித்துக் காட்டினேன். நிறுவனத்திடம் வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். ஜப்பானையும் நெதர்லாந்தையும் அடித்துவிட்டேன், ஸ்பெயின் அடுத்த முறைக்கு. பரானாவில் பன்னிரண்டு நாள், கென்யாவில் ஒரு வாரம் என்று இப்போது நினைக்கிறேன், என் கேள்வி ஒன்றே ஒன்று: மழையில் மண் ஓடாமல், அதிக ஆள் இல்லாமல், மாட்டுக்குத் தீவனமும் கிடைக்கும்படி மக்காச்சோளம் போடுவது எப்படி. நாற்று அவர்களே, ஒன்று கேட்கிறேன். மூடுபயிர் மண்ணில் நிற்பதையும் அதன்மேல் விதைப்பதையும் ஒரே பயணத்தில் பார்க்க எந்த மாதம் சரி?

நாற்று:
செப்டம்பர் கடைசியில் போய் அக்டோபர் நடுவரை இருங்கள். குளிர்காலத்தில் போட்ட ஓட்ஸ் மூடுபயிரைப் படுக்க வைப்பதும், அதன்மேல் மக்காச்சோளமும் சோயாவும் விதைப்பதும் அப்போது அடுத்தடுத்து நடக்கும். மழை பெய்த மறுநாள் கட்டாயம் வயலுக்குப் போங்கள். மூடிய நிலத்திலிருந்தும் மூடாத நிலத்திலிருந்தும் வடியும் தண்ணீரை இரண்டு கண்ணாடி டம்ளரில் பிடித்து வைத்துப் பாருங்கள்.